இருண்ட காதல் கவிதைகள் ஏன் இப்படி இழுக்கின்றன? அவற்றின் பக்கத்தில் கலங்கரை விளக்கம் ஏன் நிற்கிறது?

நெய்தல்யாழ் எழுதியது:

காதல் கவிதைகளில் என்னோடு தங்கிப்போனவை எல்லாம் இருட்டானவை. கூடி மகிழ்ந்தவர்களின் பாட்டை ரசித்து வாசிக்கிறேன், பிறகு மறந்துவிடுகிறேன். பிரிந்தவளின் பாட்டு மட்டும் வரி மாறாமல் நிற்கிறது. இது எனக்கு மட்டுமா, உங்களுக்கும் இப்படித்தானா என்று பேசத்தான் இந்த இழை.

குறுந்தொகை 290, நெய்தல் திணை:

காமம் தாங்குமதி என்போர் தாம்அஃது
அறியலர் கொல்லோ அனைமதுகையர் கொல்
யாம்எம் காதலர்க் காணேம் ஆயின்
செறிதுனி பெருகிய நெஞ்சமொடு பெருநீர்க்
கல்பொரு சிறுநுரை போல
மெல்ல மெல்ல இல்லா குதுமே

"பொறுத்துக்கொள்ளடி" என்று சொல்கிறவர்கள் இந்த வலியை அறியாதவர்களா, இல்லை அவ்வளவு நெஞ்சுரம் உள்ளவர்களா என்று முதலில் கேட்டுவிடுகிறாள். அந்தக் கேள்வியில் கோபம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் நுரை வருகிறது. பாறையில் மோதுகிற அலையை அவள் தனக்கு உவமையாக எடுக்கவில்லை, அலை திரும்ப வந்துவிடும். அவள் எடுப்பது அலை போன பின் கல்லில் ஒட்டிக் கிடக்கும் நுரையை. ஒரேயடியாக உடைவதுமில்லை அது. "மெல்ல மெல்ல" என்று இரண்டு முறை சொல்லும்போது அந்தக் கரைதலின் வேகமே நம் வாய்க்குள் வந்துவிடுகிறது. இதை எழுதியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையையே பெயராக வைத்துக் கல்பொரு சிறுநுரையார் என்று அழைக்கிறோம்.

இதே கடற்கரையில் வேறொரு தேசத்துப் பாட்டும் நிற்கிறது. எட்கர் ஆலன் போ எழுதிய அனபெல் லீ. 1849 அக்டோபர் 7 அன்று போ இறந்தார், பாட்டு அடுத்த சில நாட்களில் அச்சில் வந்தது. கடலோர ராஜ்யம், சிறு வயதுக் காதல், பொறாமைப்பட்ட தேவதைகள், மேகத்திலிருந்து இறங்கிய குளிர்காற்று, கடலோரக் கல்லறை, ஒவ்வோர் இரவும் அந்தக் கல்லறை அருகே படுத்துக்கொள்ளும் காதலன்.

கடற்கரையான நெய்தலுக்கு இரங்கல், அதாவது பிரிவால் வருந்துதல், என்று நம் முன்னோர் வகுத்தார்கள், எற்பாடு என்று சூரியன் சாயும் பொழுதையும் கொடுத்தார்கள். எங்கோ அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியவரும் அதே மணலுக்கு வந்து சேர்கிறார். இதெல்லாம் பிடித்தவர்களுக்குக் கலங்கரை விளக்கமும் பிடித்திருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஏன்? விளக்குகளின் வரலாறு தெரிந்தவர்கள் இருந்தால், குறிப்பாகச் சென்னை விளக்கைப் பற்றி, கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

---

இளவெயில் எழுதியது:

அக்கா, குறுந்தொகையையும் போவையும் ஒரே தட்டில் வைத்ததில் எனக்கு மறுப்பு இருக்கிறது.

1846இல் போ ஒரு கட்டுரை எழுதினார். கவிதையை எப்படிக் கட்டுவது என்பது பற்றி. அழகான பெண்ணின் மரணத்தைவிடக் கவித்துவமான பொருள் உலகில் இல்லை, அதைச் சொல்ல அவளை இழந்த காதலனே தகுந்த வாய் என்று அதில் அடித்துச் சொல்கிறார். அனபெல் லீயை இதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசுகிறாளா? அவள் கண் எப்படி, குரல் எப்படி, எதற்குச் சிரிப்பாள் என்று ஏதாவது தெரிகிறதா? செத்தால்தான் அவளுக்குப் பாட்டில் இடம். அழுகிறவனின் அழகைக் காட்ட ஒரு கல்லறை தேவைப்பட்டிருக்கிறது.

நம் நெய்தல் பாட்டில் பேசுகிறவள் தலைவி. சாகிறேன் என்று சொன்னாலும் அவள்தான் சொல்கிறாள். "பொறு" என்று புத்தி சொன்னவர்களைத் திருப்பிக் கேட்கவும் அவளுக்கு வாய் இருக்கிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருக்கலாம், அதை மறைக்கவில்லை. ஆனாலும் குரல் அவளிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. இருட்டு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

---

மரக்கலம் எழுதியது:

நான் இலக்கியம் படிச்சவன் இல்லீங்க. வணிகக் கப்பல்ல இருந்து ஓய்வு பெற்றவன். விளக்கு பத்திப் பேச்சு வந்ததால எழுதறேன்.

கரையில நின்னு பாக்கறவங்களுக்கு அது தனியா நிக்கிற கோபுரம். சோகமாத் தெரியும். கப்பல் மேல்தளத்துல ராத்திரி காவல்ல நிக்கிறவனுக்கு அது சோகம் இல்ல, தகவல். ஒவ்வொரு விளக்குக்கும் தனி அடையாளம் உண்டு. எத்தனை முறை மின்னும், எத்தனை விநாடி இடைவெளி, என்ன நிறம், எல்லாம் கடல் வரைபடத்துலயும் விளக்குப் பட்டியல் புத்தகத்துலயும் இருக்கும். விளக்கு தெரிஞ்சதும் நிறுத்துக் கடிகாரத்தை எடுத்து எண்ணுவோம். இடைவெளி பொருந்தினாத்தான் அந்த விளக்குன்னு ஒத்துக்குவோம். பொருந்தலன்னா நாம நினைச்ச இடத்துல நாம இல்லன்னு அர்த்தம். அந்த நேரத்துல வயிறு கலங்கும் பாருங்க, அதைப் பாட்டா எழுதினா நானும் வாசிப்பேன்.

இன்னொண்ணு. விளக்கு முதல்ல விளக்காத் தெரியாது. அடிவானத்துக்குக் கீழ இருக்கும்போதே மேகத்தடியில ஒரு வெளுப்பு வந்து வந்து போகும். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சுடர் மேல எழும். அந்த வெளுப்பை முதல்ல பாக்கறவன் சத்தமா மத்தவங்களுக்குச் சொல்லுவான்.

கவிஞர்கள் விளக்கைத் தனிமைக்கு அடையாளமா ஆக்கிட்டாங்க. நாங்க அதைப் பாத்தபோது தனிமை போச்சு. இதைத்தான் சொல்ல வந்தேன்.

---

கோட்டைமேடு எழுதியது:

நெய்தல்யாழ் கேட்டதற்காகச் சென்னை விளக்கின் கதையை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. அலை தூக்கி அடிக்கும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் மணல் திட்டுகள் வேறு. இரவில் வரும் கப்பல் பட்டணம் எது, திட்டு எது என்று தெரியாமல் மாட்டிக்கொள்ளும். கம்பெனியார் ஊன்றி நூற்றைம்பது ஆண்டு கடந்த பிறகுதான் முறையான விளக்கு வந்தது என்பது நம்ப முடியாத செய்தி. ஆனால் அப்படித்தான் நடந்தது.

முதல் விளக்கு 1796இல், புனித ஜார்ஜ் கோட்டைக்குள். இன்று கோட்டை அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் வைத்தார்கள். எரிந்தது தேங்காய் எண்ணெய். தடித்த திரிகள், பின்னால் கண்ணாடிகள். கீழே வணிகர்கள் கூடிப் பேரம் பேசுகிற மண்டபம், மேலே கடலுக்கான தீபம்.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோட்டைக்கு வடக்கே, இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிற கருங்கல் தூண். கிரேக்க டோரிக் பாணி, உடம்பெல்லாம் நெடுக்கு வரிப்பள்ளங்கள், சுமார் 125 அடி உயரம். 1838இல் வேலை தொடங்கி, 1844 ஜனவரி முதல் எரிந்தது. வடிவமைத்தவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த ஜான் தாமஸ் ஸ்மித். இவர் வெறும் படைவீரர் அல்ல. சுண்ணாம்பு, காரை, நீரில் இறுகும் சாந்து பற்றி விகா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் எழுதிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1837இல் வெளியிட்டவர். மறு ஆண்டே தூண் வேலை தொடங்கியிருக்கிறது. கடற்காற்றில் உப்பு அரிக்காமல் கல்லும் சாந்தும் எப்படிப் பிடித்து நிற்கும் என்று அந்த மனிதர் எத்தனை இரவு யோசித்திருப்பார்! தூணின் கல்லைத் தொட்டுப் பாருங்கள், பொருத்து இன்றும் இறுக்கமாகவே இருக்கிறது.

மூன்றாவது, உயர் நீதிமன்றக் கட்டடத்தின் மிக உயர்ந்த குவிமாடம். நீதிமன்றம் 1892இல் திறக்கப்பட்டது, அதன் தலையில் விளக்கு 1894 ஜூன் முதல் எரிந்தது. சுமார் 175 அடி உயரம். கீழே வழக்குகள் நடக்க, மேலே கடலுக்கு வெளிச்சம் போன கட்டடம் உலகத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ, நான் பார்த்ததில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டபோது இந்த விளக்குதான் நம் கரையில் இருந்தது. கப்பல் இருட்டாக வந்தது, பட்டணம் வெளிச்சமாக இருந்தது. துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கான நினைவுக் கல் இருக்கிறது.

நான்காவது, மெரினாவில் இப்போது நிற்பது. 1977 ஜனவரி 10 முதல் எரிகிறது. சிவப்பு வெள்ளைப் பட்டை, முக்கோண வடிவம், மின்தூக்கி உண்டு. பாதுகாப்புக் காரணத்தால் பல ஆண்டுகள் பொதுமக்களை விடாமல் இருந்தார்கள், 2013 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். இதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பயனுள்ள கோபுரம், அவ்வளவுதான்.

இந்த இழைக்குப் பொருத்தமான ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது விளக்குகள் இருக்கிற அந்தப் பகுதியை ஒட்டித்தான் பட்டணத்து ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இருந்தது. பிற்பாடு சட்டக் கல்லூரி வந்த வளாகம். 1758–59இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் கல்லறைகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். இடிக்காமல் விட்டவற்றில் கோபுரம் போன்ற ஒரு கல்லறை இன்னும் நிற்கிறது. அதில் இருப்பவர்களில் ஒருவன் டேவிட் யேல், நான்கு வயதுச் சிறுவன். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த, மதராஸ் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன். கடலோரக் கல்லறை, பக்கத்திலேயே கலங்கரை விளக்கம். அனபெல் லீ வாசிக்கிறவர்கள் அந்த வளாகத்துப் பக்கம் போனால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

---

கோடிக்கரைக்காற்று எழுதியது:

கோட்டைமேடு ஐயா, மிக்க நன்றி. 1796 என்று பார்த்ததும் துள்ளி எழுந்தேன்!

போ கடைசிக் காலத்தில் ஒரு கதை தொடங்கி முடிக்காமல் விட்டார். கலங்கரை விளக்கத்தில் தனியாகக் காவலுக்குப் போன ஒருவனின் நாட்குறிப்பு. அதன் முதல் நாள் 1796 ஜனவரி 1! கோட்டையில் தேங்காய் எண்ணெய் விளக்கு ஏறிய அதே ஆண்டு. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கதை சில பக்கம்தான். ஆள் தனிமைக்கு ஏங்கிப் போயிருக்கிறான். கூட ஒரு நாய். கோபுரம் பலமானது, எந்தக் கடலும் அசைக்காது என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறான். ஜனவரி 3ஆம் நாள் குறிப்பில் அடித்தளத்தைப் பார்க்கிறான். அது சுண்ணாம்புப் பாறை போல இருக்கிறது என்கிறான். அடுத்து ஜனவரி 4 என்று தேதி மட்டும். கீழே எழுத்தே இல்லை.

அங்கே காவலாளி அடிக்கல்லைப் பார்த்துப் பயப்படுகிறான், இங்கே ஸ்மித் அதே காரியத்துக்காகச் சாந்து பற்றிப் புத்தகம் மொழிபெயர்க்கிறார். கிட்டத்தட்ட ஒரே காலத்து மனிதர்கள்.

அப்புறம், இந்த இழையில் இன்னும் யாரும் பூங்குழலியைச் சொல்லவில்லையே! 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனில் கல்கி அவளைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகளாக வைத்தார். தியாகவிடங்கக் கரையர் கோடிக்கரை விளக்கைப் பார்த்துக்கொள்கிறவர். மகள் படகோட்டிக்கொண்டு பாடுவாள்:

அலைகடலும் ஓய்ந்திருக்க அகக்கடல்தான் பொங்குவதேன்?
நிலமகளும் துயிலுகையில் நெஞ்சகந்தான் பதைப்பதுமேன்?

நள்ளிரவில் வந்தியத்தேவனை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், சதுப்பு நிலத்தில் குப்பென்று எரிந்து அணையும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்பாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டில் அப்பா ஏற்றுகிற விளக்கு ஒழுங்கானது, எல்லோருக்குமானது. மகள் தேடிப் போகிற நெருப்போ யாருக்கும் வழிகாட்டாது, நம்பிப் போனால் சேற்றில் இறக்கிவிடும். இரண்டு நெருப்புக்கும் நடுவில் நிற்கிற பெண் அவள். இருண்ட காதலை இதைவிட நன்றாக ஒருவர் தமிழில் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

கோடியக்கரையில் சோழர் காலத்து விளக்கின் எச்சம் செங்கல் குவியலாக நெடுங்காலம் நின்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அதுவும் விழுந்துவிட்டது.

---

நெய்தல்யாழ் எழுதியது:

கோடிக்கரைக்காற்று, "நிலமகளும் துயிலுகையில்" என்ற வரிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் பாருங்கள். குறுந்தொகை 6, பதுமனார், இதுவும் நெய்தல்:

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே

உலகம் தூங்குகிறது, நான் மட்டும் தூங்கவில்லை. கல்கி இதை நினைத்துத்தான் எழுதினார் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் பூங்குழலி இந்தத் தலைவியின் பேத்தி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இளவெயில் சொன்னதற்கும் வருகிறேன். போவின் கட்டுரை பற்றி நீ சொன்னது சரி, அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அனபெல் லீயில் என்னைப் பிடித்து வைப்பது அந்தப் பெண்ணின் மரணம் இல்லை. அவன் தூங்கப் போகிற இடம். நிலா எழுந்தால் அவள் கனவு, நட்சத்திரம் எழுந்தால் அவள் கண் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் கல்லறைப் பக்கத்தில் படுக்கிறான். பாட்டின் ஓசை தாலாட்டு மாதிரி இருக்கிறது, சொல்கிற விஷயம் பைத்தியக்காரத்தனம். ஓசை நம்மைச் சம்மதிக்க வைத்துவிடுகிறது. முடித்த பிறகுதான் எதற்குச் சம்மதித்தோம் என்று தெரிகிறது. இந்த வித்தையை எனக்கு வேறு வகைக் கவிதை தருவதில்லை.

---

மரக்கலம் எழுதியது:

அம்மா, அந்த நாலு வரிப் பாட்டு நல்லா இருக்கு. ராத்திரிக் காவல்ல நின்னவனுக்கு அது விளக்கம் இல்லாமலே புரியும்.

ஆனா கவிதை விளக்குக்குச் செஞ்ச ஒரு கெடுதலையும் சொல்லணும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஃப்ளானன் தீவுகள்னு இருக்கு. அங்க 1899 டிசம்பர்ல விளக்கு எரிய ஆரம்பிச்சுது. ஒரு வருஷம் கழிச்சு, 1900 டிசம்பர் 26 அன்னைக்கு உதவிக் கப்பல் போய்ப் பாத்தா காவலாளிங்க மூணு பேரையும் காணோம். விளக்கு துடைச்சு எண்ணெய் ஊத்தித் தயாரா இருக்கு, ஆள் இல்ல.

1912ல வில்ஃப்ரிட் கிப்சன்னு ஒரு கவிஞர் இதைப் பாட்டா எழுதினார். மேசையில பாதி சாப்பிட்ட சாப்பாடு, கவிழ்ந்து கிடக்கற நாற்காலின்னு. கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். ஆனா முதல்ல உள்ள போய்ப் பாத்த காவலாளி எழுதின அறிக்கையில அப்படி எதுவும் கிடையாது. சமையலறை சுத்தமா இருந்துதுன்னுதான் எழுதியிருக்கார். விசாரணைக்குப் போன கண்காணிப்பாளர், மேற்குத் துறையில கயிறு, பெட்டி எல்லாம் பத்திரப்படுத்தப் போனப்போ பெரிய அலை அடிச்சுக்கிட்டுப் போயிருக்கணும்னு முடிவு சொன்னார். அது நம்பக்கூடியது. கடல் அப்படித்தான் செய்யும்.

இன்னைக்கு வரைக்கும் ஜனங்க நம்பறது நாற்காலியைத்தான். வேலை செய்யப் போய்ச் செத்த மூணு பேரை மர்மக் கதை ஆக்கிட்டாங்க. ஒருத்தர் மழைக்கோட்டு கூடப் போட்டுக்காம ஓடியிருக்கார், அது அங்கேயே தொங்கிச்சு. மத்த ரெண்டு பேருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சு ஓடினாரோ என்னமோ. அந்த மழைக்கோட்டுல இல்லாத சோகம் நாற்காலியில என்ன இருக்கு?

---

இளவெயில் எழுதியது:

மரக்கலம் ஐயா, இதைத்தான் நான் சொல்ல முயன்றேன், நீங்கள் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். இருட்டு கவர்ச்சியானது. அது உண்மையான மனிதர்களின் மேல் விழுந்தால் அவர்களை விழுங்கிவிடும்.

---

கோடிக்கரைக்காற்று எழுதியது:

ஆனால் ஐயா, அந்தப் பாட்டு இல்லையென்றால் அந்த மூன்று பேரை ஸ்காட்லாந்துக்கு வெளியே யாராவது நினைத்திருப்பார்களா? நாம் தமிழில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போமா? கவிதை நாற்காலியைக் கவிழ்த்தது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆளைத் தேட வைத்ததும் அதுதானே.

---

கோட்டைமேடு எழுதியது:

இரு தரப்பும் சொல்வது எனக்குப் புரிகிறது. வரலாறு எழுதுகிறவன் என்ற முறையில் நான் மரக்கலம் ஐயா பக்கம்.

நம் பழைய இலக்கியத்தில் விளக்கு எப்படி வருகிறது என்று பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு துறையைச் சொல்கிறார். வானத்துக்கு முட்டுக் கொடுத்தது போல உயர்ந்த மாடம். ஏணி சாத்தியிருக்கிறது, ஆனாலும் ஏறுவது கடினம். மேலே கூரை வேயவில்லை. இரவில் அங்கே மூட்டிய தீ, கடலில் ஓடும் கலங்களுக்குத் துறையைக் காட்டுகிறது. அந்த ஊரை மாமல்லபுரம் என்று கருதுகிறவர்கள் உண்டு. அதே மாமல்லபுரத்தில் மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே இருக்கும் பல்லவர் கோயில், 19ஆம் நூற்றாண்டில் விளக்கேற்றும் இடமாகப் பயன்பட்டது. பக்கத்தில் இப்போதுள்ள கல் கோபுரம் 1904இல் முழுதாக இயங்கத் தொடங்கியது.

அந்த வரிகளில் ஏணியையும் வேயாத மாடத்தையும் கவனியுங்கள். கூரை போட்டால் தீப்பிடிக்கும், புகை தங்கும். ஆகவே திறந்த மாடம். புலவர் நேரில் பார்த்திருக்கிறார் அல்லது பார்த்தவரிடம் கேட்டிருக்கிறார். சோகம் ஒரு சொல்லில்கூட இல்லை. ஒரு பொறியியல் குறிப்பு போலவே இருக்கிறது, ஆனாலும் கவிதை.

---

நெய்தல்யாழ் எழுதியது:

ஐயா, சிலப்பதிகாரத்தை விட்டுவிட்டீர்களே! நான் இந்த இழையைத் தொடங்கியதற்கே அதுதான் அடியில் கிடக்கிற காரணம் என்று இப்போது தெரிகிறது.

கடலாடு காதையில் இளங்கோ புகார்க் கடற்கரையின் இரவைக் காட்டுகிறார். சாந்தும் பூவும் விற்கிறவர்களின் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, அப்பம் சுடுகிறவர்களின் விளக்கு, சில்லறைப் பண்டம் விற்கும் பெண்களின் விளக்கு, மீன் விற்கிறவர்களின் விளக்கு, "இலங்குநீர் வரைப்பின் கலங்கரை விளக்கமும்", திமிலில் போய் வலை வீசுகிறவர்களின் விளக்கு, வேற்று மொழி பேசும் நாட்டார் அணையாமல் வைத்திருக்கும் விளக்கு. அடுக்கிக்கொண்டே போகிறார். கலங்கரை விளக்கம் அங்கே தனியாக நிற்கவில்லை. அப்பக்கடை விளக்கோடும் மீன்கடை விளக்கோடும் சேர்ந்து ஒரு விளக்காக நிற்கிறது. மரக்கலம் ஐயா சொன்னதுதான் இது, தனிமையின் அடையாளமே இல்லை.

அவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவில் கோவலனும் மாதவியும் வந்து அமர்கிறார்கள். அடுத்த காதை கானல்வரி. அவன் யாழை வாங்கிப் பாடுகிறான், அவள் திருப்பிப் பாடுகிறாள். இவள் மனம் வேறொருவன் மேல் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். பொழுதாகிவிட்டது, எழுவோம் என்று சொல்கிறான், ஆனால் அவளோடு எழவில்லை. கை நெகிழ்ந்து ஏவலரோடு போய்விடுகிறான். அதோடு சரி.

இருட்டில் பிரிந்திருந்தால் இவ்வளவு வலிக்காது. எட்டு விதமான மனிதர்களின் விளக்கை நாம் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகு, கடலில் போகிறவனுக்குக்கூட வழி காட்டும் ஒரு கரையில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் முகம் அவனுக்குத் தெரியாமல் போகிறது. எனக்கு இருண்ட காதல் கவிதை என்றால் இதுதான். பேயும் கல்லறையும் அதற்குக் கட்டாயம் இல்லை. வெளிச்சம் எட்டாத ஒரு சின்ன இடம் இருவருக்கும் நடுவில் இருந்தால் போதும். நம் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும், அதைப் பற்றிப் பகலில் பேசுவதில்லை. பேசுகிற கவிதை கிடைக்கும்போது பிடித்துக்கொள்கிறோம்.

---

இளவெயில் எழுதியது:

அக்கா, இதற்கு நான் முழுமனதோடு சம்மதம். மாதவி பாடுகிறாள் என்பதுதான் இங்கே முக்கியம். அவள் பாட்டைத் தவறாகக் கேட்டவன் அவன். கேட்கத் தெரியாதவனால் வந்த இருட்டு.

அனபெல் லீ விஷயத்தில் மட்டும் நான் மாறுவதாக இல்லை. அந்த முடிக்காத நாட்குறிப்பை வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன், அதில் பயப்படுகிறவன் தன் பயத்தைத் தானே சுமக்கிறான், இன்னொருத்தியின் பிணத்தின் மேல் ஏற்றவில்லை.

---

மரக்கலம் எழுதியது:

கானல்வரி எங்க கிடைக்கும்? உரையோட இருந்தா நல்லது. மூலம் மட்டும்னா எனக்கு ஓடாது.

---

நெய்தல்யாழ் எழுதியது:

இளவெயில், அனபெல் லீ விஷயத்தில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, இருக்கட்டும்.

மரக்கலம் ஐயா, உ.வே.சாமிநாதையர் 1892இல் முதன்முதலாக முழுச் சிலப்பதிகாரத்தையும் அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். ஆனால் அடியார்க்குநல்லார் உரை கானல்வரிக்குக் கிடைக்கவில்லை, அந்தக் காதைக்கு அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய அரும்பதவுரைதான். பழைய உரை முதல் வாசிப்புக்குக் கடினமாக இருக்கும். ந.மு.வேங்கடசாமி நாட்டார் உரையில் தொடங்குங்கள், நூலகங்களில் எளிதாகக் கிடைக்கும். கடலாடு காதையின் கடைசிப் பகுதியிலிருந்து, அந்த விளக்கு வரிசையிலிருந்து, தொடங்கி நேராகக் கானல்வரிக்குள் போய்விடுங்கள். கானல்வரிக்குத் தனி இழை ஒன்று தொடங்குகிறேன். கப்பல்காரர் ஒருவர் வாசித்தால் அந்தக் கடல் எப்படித் தெரிகிறது என்று எனக்குக் கேட்க வேண்டும்.